கூட்டத்தில் ஒரு மரத்தை மடக்குவது எப்படி? நகரத்துக் காட்டில் படம் எடுக்கப் புதிதாகக் கிளம்புவோர் கவனத்துக்கு

சென்னை நகருக்குள்ளேயே காடு இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் காமிரா இருக்கிறது. காமிரா இல்லாதவர் சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், எடுத்த படத்தில் காட்டைக் காணோம்!

"நேர்ல பார்க்கும்போது எவ்வளவு நல்லா இருந்துச்சு. படத்துல கீரை மசியல் மாதிரி இருக்கே" என்பதுதான் புதிதாகப் படம் எடுக்கக் கிளம்பியவர்களின் வழக்கமான புலம்பல்.

குற்றம் காமிரா மேல் இல்லை. விலை கூடிய காமிரா வாங்கினால் விலை கூடிய கீரை மசியல் கிடைக்கும். அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது?

காட்டுக்குள் நிற்கும்போது மனிதனின் கண் சும்மா இருப்பது இல்லை. ஒரு அடிமரத்தைப் பார்க்கிறது. அங்கிருந்து ஒரு கிளைக்குத் தாவுகிறது. நடுவே இருக்கும் குப்பைச் செடியைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டு கண் இருப்பதால் எது கிட்டே, எது தூரம் என்பதும் தெரிந்து விடுகிறது.

காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எதிரே இருப்பதை எல்லாம் ஒரே அமுக்காக அமுக்கித் தட்டையாக்கித் தந்து விடும். முள்ளுச் செடியும், அழகான ஆலமரமும், பின்னால் நிற்கும் மின்கம்பமும் அதற்கு ஒன்றுதான்.

அதிலும் கிண்டி மாதிரி இடம் மகா சிக்கல். இது மலைக்காடு அல்ல. நெட்ட நெடு மரங்கள் வரிசை கட்டி நிற்காது. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைக்காடு இது. மரங்கள் குட்டை. கிளைகள் நெருக்கம். நடுவே முள், கொடி, புதர். காட்டு எலுமிச்சை, விளா, வேம்பு, பனை என்று எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். வெளிநாட்டுப் புத்தகத்தில் வரும் பனி மூடிய பைன் மரத் தோப்பை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றம்தான்.

புயல் கேட்ட கணக்கு

"மரத்தைப் படம் எடுத்து என்ன ஆகப் போகுது? அது அங்கேயேதானே நிக்கப் போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு.

நிற்பது இல்லை என்பதுதான் விஷயம்.

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிண்டி தேசிய பூங்காவுக்குள்ளும் மரங்கள் விழுந்தன. தெருத்தெருவாக வெட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

விழுந்த மரங்களில் எத்தனைக்கு உருப்படியாக ஒரு படம் இருக்கிறது? கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் அரைக் கிளை தெரிந்தால் அதிர்ஷ்டம்!

காட்டின் அளவும் அப்படியே இருந்து விடவில்லை. கிண்டியில் ஒரு காலத்தில் 500 ஹெக்டேருக்கு மேல் காடு இருந்தது. ஐ.ஐ.டி.க்கு ஒரு பங்கு, நினைவிடங்களுக்கு ஒரு பங்கு, அரசு நிறுவனங்களுக்கு ஒரு பங்கு என்று போனது. 1978-ல் தேசிய பூங்கா ஆனபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். எந்த மரம் எந்த இடத்தில் எப்படி நின்றது என்று பின்னால் ஒருவர் தேடினால், அவருக்குப் பச்சைக் குழம்பு உதவாது. முகம் தெரிகிற மாதிரி படம் வேண்டும்.

ஒரு ஆசாமியைப் பிடி!

திருவிழாக் கூட்டத்தில் ஜேப்படி ஆசாமியைத் தேடும் மப்டி போலீசார் கூட்டத்தைப் பார்ப்பது இல்லை. ஒரு ஆளைப் பார்க்கிறார்கள். அவன் கையைப் பார்க்கிறார்கள். சுற்றி இருக்கும் ஆயிரம் பேரைக் கழித்து விடுகிறார்கள்.

காட்டிலும் வேலை அதேதான். ஒரே ஒரு ஆசாமியைப் பிடிக்க வேண்டும். மற்றதைக் கழிக்க வேண்டும்.

அந்த ஆசாமி யார் என்பது அவரவர் இஷ்டம். வளைந்த அடிமரமாக இருக்கலாம். பட்டை உரிந்த கிளையாக இருக்கலாம். வெயில் பட்டு மின்னும் ஒரே ஒரு கொத்துத் தளிராக இருக்கலாம். ஆனால் ஒன்று இருக்க வேண்டும். "இந்தப் படத்துல எதைப் பார்க்கணும்?" என்று அடுத்தவர் கேட்டால் விரலை வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் பொத்தானை அமுக்காமல் இருப்பதே உத்தமம்.

ஆளைத் தேட ஒரு பழைய தந்திரம் உண்டு. கண்ணைப் பாதி மூடி இடுக்கிக்கொண்டு பார்ப்பது. இலை, முள், சருகு எல்லாம் மங்கிப் போகும். பெரிய உருவங்கள் மட்டும் இருட்டும் வெளிச்சமுமாகத் தெரியும். அப்போதும் தனித்துத் தெரிகிற மரம் எதுவோ, அதுதான் ஆசாமி.

ஆள் கிடைத்ததும் உடனே சுட்டு விடக் கூடாது. காலை நகர்த்த வேண்டும். பெரும்பாலான படங்கள் கெடுவது அரை அடியில்தான். முன்னால் நிற்கும் மரம் பின்னால் நிற்கும் மரத்தை மறைத்து, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே தூணாகத் தெரியும். இடப்பக்கம் அரை அடி நகர்ந்தால் நடுவே ஒரு சந்து விழும். அந்தச் சந்து வழியே காற்று புகுந்த மாதிரி படம் உயிர் பெறும். நகர்வதற்குக் காசு இல்லை. ஆனாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் நின்ற இடத்தை விட்டு அசைவது இல்லை.

நிமிர்ந்து நின்றே எடுப்பதும் இன்னொரு பழக்கம். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் புதருக்கு அடியில் இருக்கும் குழப்பம் பாதி மறைந்து விடும். வேர் பெரிதாகத் தெரியும். வேட்டி அழுக்காகும், பரவாயில்லை.

எல்லாவற்றையும் அள்ளிப் போடும் அகல லென்சு இங்கே பகையாளி. செல்போனில் 0.5 என்று போட்டிருப்பதை விட்டு விட்டு 2 அல்லது 3-க்கு வர வேண்டும். சட்டம் சுருங்கும். கூட்டம் குறையும். காமிரா வைத்திருப்பவர் தூரத்தை இழுக்கும் லென்சைப் போடலாம். அது மரங்களை நெருக்கி வைத்துக் காட்டும். தோப்பின் அடர்த்தி அப்போதுதான் படத்துக்குள் வரும்.

திருட்டு வெளிச்சம்

படத்தைக் கெடுப்பதில் கைதேர்ந்த கேடி, வானம்.

இலைகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஓட்டையாக வெள்ளை வானம் எட்டிப் பார்க்கும். நேரில் பார்க்கும்போது அது தெரியாது. படத்தில் பார்த்தால் அதைத் தவிர எதுவும் தெரியாது. பார்ப்பவர் கண் முதலில் வெள்ளைக்குத்தான் ஓடும். ஆகவே காமிராவைக் கொஞ்சம் கீழே இறக்கி, வானத்தை வெளியே தள்ளிவிட வேண்டும். அல்லது மரத்துக்குப் பின்னால் இன்னொரு அடர்ந்த தோப்பு வருகிற மாதிரி இடம் மாறி நிற்க வேண்டும்.

அமுக்குவதற்கு முன்னால் சட்டத்தின் நாலு ஓரத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது கட்டாயம். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. மூலையில் யாரோ ஒருவரின் முழங்கை. பாதியில் வெட்டுப்பட்ட கிளை. இவை எல்லாம் நடுவில் வருவது இல்லை. ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். இந்த ஒரு சோதனைக்கு மூன்று வினாடி ஆகும். பிலிம் காலத்தில் ரோலுக்கு 36 படம்தான். கழுவ, பிரிண்டு போடக் காசு. அதனால் தானாகவே பார்த்தார்கள். இன்று நூறு அமுக்கினாலும் செலவு இல்லை. அதனால்தான் நூறும் ஒரே மாதிரி வருகிறது.

மரத்தை நட்ட நடுவே நிறுத்துவதா, தள்ளி நிறுத்துவதா என்பதில் பெரிய சண்டையே உண்டு. செல்போன் செட்டிங்கில் கட்டம் போட்டுக் காட்டும் வசதி இருக்கிறது. மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். கோடு கோட்டைச் சந்திக்கும் இடத்தில் அடிமரம் வந்தால், மீதி இடத்தில் அது எங்கே சாய்கிறது என்பது தெரியும். புதியவருக்கு இது நல்ல ஊன்றுகோல். ஆனால் நெட்டையாக, யாரையும் சாராமல் நிற்கும் ஒற்றைப் பனையை நடுவே நிறுத்தினால் ஒரு குறையும் இல்லை. செல்போனை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் போதும்.

பனையை அண்ணாந்து எடுத்தால் அது பின்பக்கம் விழுவது போல வரும். மரம் கோணல் இல்லை, போன் கோணல். பத்தடி பின்னால் போய் நிமிர்த்திப் பிடித்தால் பனை நேராகி விடும்.

மொட்டை வெயில்

காட்டில் படம் எடுக்க நண்பகலில் போவதைப் போல வீண் வேலை கிடையாது. இலை வழியே விழும் வெயில், தரையிலும் மரத்திலும் வெள்ளைத் தழும்பாக விழும். தழும்பு வெளுத்துப் போகும். நிழல் கரியாகும். கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்து விடும். காமிரா திணறும்.

சென்னைக்கு இது மற்ற ஊரைவிடக் கூடுதல் தொல்லை. ஏப்ரல் கடைசியிலும், ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. காலையில் வரும் சாய்ந்த மஞ்சள் வெளிச்சமும் இங்கே அவசரக்காரன். குளிர் நாடுகளில் மணிக்கணக்கில் கிடைக்கும் அந்த வெளிச்சம், இங்கே காபி குடித்துவிட்டு வருவதற்குள் போய் விடும். மே மாதம் சூரியன் உதிப்பது 5.45 மணி சுமாருக்கு. 7 மணிக்குள் வேலையை முடிக்காதவர், மறுநாள் வர வேண்டியதுதான்.

பின்னே எப்போது நல்லது? மழை நாள்!

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்டு வானம் மூடிக் கிடக்கும் நேரம்தான் காட்டுப் படத்துக்குத் திருநாள். மேகம் ஒரு பெரிய வேட்டியை விரித்துப் பிடித்த மாதிரி வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கும். தழும்பு இல்லை. அடிமரம் நனைந்து கறுத்திருக்கும். இலை கழுவி விட்டது போல இருக்கும். எது மரம், எது இலை என்று அப்போதுதான் பிரிந்து தெரியும். ஈர இலை பளபளத்துக் கண்ணைக் குத்தினால், காமிராக்காரர்கள் போலரைசர் என்ற கண்ணாடியை லென்சின் முன்னால் மாட்டித் திருப்புவார்கள். பளபளப்பு அடங்கி, பச்சை வரும்.

இன்னொரு நல்ல காலம் மார்கழி, தை விடியற்காலை. பனிப்புகை இறங்கினால், கிட்டே இருக்கும் மரம் கறுப்பாகவும், தள்ளி இருப்பது சாம்பலாகவும், அதற்கும் பின்னால் இருப்பது வெறும் நிழலாகவும் தெரியும். காமிராவுக்கு இல்லாத தூரக் கணக்கை பனியே போட்டுக் கொடுத்து விடும். போகிப் பண்டிகை காலையில் தெரிவது பனி மட்டும் அல்ல. டயர் புகையும் சேர்ந்தது. படம் நன்றாக வரும், நுரையீரல் வராது.

மரத்தடியில் வெளிச்சம் குறைவு. ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். கை ஆடினால் படம் ஆடும். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்ட பிறகு அமுக்க வேண்டும். அல்லது ஒரு மரத்தில் சாய்ந்து கொள்ளலாம். சாயும் முன்னே கட்டெறும்பு, கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. முருங்கை மரமாக இருந்தால் சாயவே வேண்டாம்!

படம் வெளுத்துப் போனால், பெரும்பாலான செல்போன்களில் திரையைத் தொட்டதும் ஒரு சூரியன் அடையாளம் வரும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். காடு கொஞ்சம் இருட்டாக இருந்தால்தான் காடு. அதை ஹால் மாதிரி டியூப் லைட் வெளிச்சத்தில் காட்டுவதில் அர்த்தம் இல்லை.

அடையாறு விழுது

பழகுவதற்குப் பெரிய பரீட்சை, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் இருக்கும் ஆலமரம். பல நூறு ஆண்டு வயது சொல்கிறார்கள்.

உள்ளே போகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், முழு மரத்தையும் ஒரே படத்தில் அடக்கப் பார்ப்பது. அடங்காது. பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். மரம் சின்னதாகிக்கொண்டே போகும். கடைசியில் பெரிய புதர் ஒன்று இருப்பது போலப் படம் வரும்.

அந்த மரத்தின் கதையே வேறு. 1989-ல் அடித்த புயலில் தாய் மரம் சாய்ந்து விட்டது. இன்றைக்கு நிற்பவை அது இறக்கி விட்ட விழுதுகள். தூணாகிப் போன பிள்ளைகள்! ஆகவே அங்கே எடுக்க வேண்டியது முழு மரம் அல்ல. இரண்டு விழுதுகளுக்கு நடுவே தெரியும் மூன்றாவது விழுது. கதவு நிலை மாதிரி இரண்டு பக்கமும் அடைத்து நிற்க, நடுவே வெளிச்சம். அங்கே தெரிந்த ஒருவரை நிறுத்தினால் இன்னும் நல்லது. ஐந்தரை அடி மனிதர் பக்கத்தில் நிற்கும்போதுதான் விழுதின் பருமன் பார்ப்பவருக்கு உறைக்கும்.

உள்ளே விடும் நேரமும் படம் எடுக்கும் விதியும் எந்த இடத்திலும் மாறக்கூடியவை. வாசலில் கேட்டுக்கொண்டு போவது மரியாதை. காமிராவுக்குத் தனிச் சீட்டு கேட்கும் பூங்காக்களும் உண்டு.

பயம் இல்லாமல் பழக வேண்டும் என்றால் கதீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்கா இருக்கிறது. முன்பு அங்கே இருந்தது டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல். பெயரிலேயே காடு! காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட்ட இடம். 2010-ல் பூங்கா ஆனது. பாதை, பெஞ்சு, பெரிய மரம் எல்லாம் உண்டு. வளைந்து போகும் பாதை படத்தின் கீழ் மூலையில் தொடங்கி மரத்தடியில் போய் முடிகிற மாதிரி நின்று எடுத்தால், பார்ப்பவர் கண் அந்தப் பாதையிலேயே நடந்து போகும்.

வேலி தாண்டினால் ஜெயில்

இப்போது சொல்லப் போவது ரொம்ப முக்கியம்.

கிண்டியில் பொதுமக்கள் தாராளமாகப் போகக்கூடியது சிறுவர் பூங்காவும் அதை ஒட்டிய பகுதியும்தான். கவர்னர் மாளிகையை ஒட்டிக் கிடக்கும் உள்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. "ஒரே ஒரு போட்டோ சார், உடனே வந்துடறேன்" என்று சொல்லி வேலி ஏறினால், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. கிடைக்கிற படத்துக்கு இந்த விலை கட்டுப்படி ஆகாது.

வேளச்சேரி - தாம்பரம் ரோட்டில் இருக்கும் நன்மங்கலம் காப்புக்காட்டுக்கும் அதே கதைதான். அங்கே பழைய கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை உண்டு. அதன் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்கிறவர்களும் உண்டு. இருட்டில் பார்க்கிற கண் அது. பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

கிண்டியில் புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன. மான் கிட்டே வரவேண்டும் என்று பிஸ்கெட்டை பிளாஸ்டிக் உறையோடு நீட்டுவது பாவ காரியம். மான் பிஸ்கெட்டோடு உறையையும் தின்னும். துரத்தினால் மிரண்டு ஓடும். ஓடுகிற மானின் பின்பக்கம்தான் படத்தில் விழும். மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் நின்றால், மான் தானாகவே நடந்து படத்துக்குள் வருவதும் உண்டு.

விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குத் தனியாகப் போவதும் வேண்டாம். சாலை ஓரத்தில் நின்றுகொண்டு மரத்தையே பார்த்தபடி போனை நீட்டிப் பிடித்திருப்பவர், பைக்கில் வரும் பறிப்பு ஆசாமிகளுக்கு லட்டு! போனில் *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். போன் பறிபோனால் போலீசில் புகார் எழுதும்போது முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். அந்தப் போனிலேயே எழுதி வைத்திருந்தால் பிரயோசனம் இல்லை.

மழைக்காலத்தில் புதருக்குள் கால் வைக்கும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். செருப்பு உதவாது. ஷூ போட வேண்டும். பாம்புப் பண்ணை கிண்டியில் தனியாக இருக்கிறது என்பதற்காக, வெளியே பாம்பு இல்லை என்று ஆகி விடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

எடுத்த நூறில் மூன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்து விடலாம். மூன்றுக்கும் தேதி, இடம், தெரிந்தால் மரத்தின் பெயர் எழுதி வைக்க வேண்டும். அதே மரத்தை அதே இடத்தில் நின்று மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று எடுத்து வைப்பது இன்னும் விசேஷம். புங்க மரத்தைக் கோடை தொடங்கும்போது எடுத்துப் பார்த்தால், இலை கொட்டிய சில நாளிலேயே வெளிர் பச்சைத் தளிர் மூடிவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மரம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

கம்ப்யூட்டரில் பச்சையை ஏற்று ஏற்று என்று ஏற்றுவது சிலருக்குப் பொழுதுபோக்கு. அப்படி ஏற்றிய மரத்தைப் பார்த்தால் பிளாஸ்டிக் பூக்கடை ஞாபகம்தான் வரும்.

மழையில் நனைந்து திரும்பினால் காமிராவைப் பையோடு அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. சென்னை ஈரத்துக்கு லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்து ஈரம் போன பிறகு, மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைக்க வேண்டும். புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் அதே பொட்டலம்தான். அதைத் தூக்கி எறியாமல் சேர்த்து வைத்தால் பத்துப் பைசா செலவு இல்லை.